தொலைக் கணினியின் சாளரம் நம் திரையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணியில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்கள், சர்வரில் உள்ள வரைகலைச் செயலியை எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழையும் முறை) வழியாகத் தம் மேசைக்குக் கொண்டுவர முயலும்போது, நான் என்றோ செய்த பிழைகளையே வரிசை பிசகாமல் செய்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் கட்டளையில், சாளரத்தைக் கொண்டுவரச் சொல்லும் பெரிய எக்ஸைச் (-X) சேர்க்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உடனே தெரிந்துவிடும்.

எக்ஸ் சர்வர் எங்கே?

சாளரங்களைத் திரையில் வரையும் நிரலான அது ஓடுவது நம் மேசையில். தொலைவில் ஓடும் செயலிதான் அதனிடம் வரையச் சொல்லிக் கேட்கும் கிளையண்ட்.

டிஸ்ப்ளேயைக் கையால் எழுதுவது

எக்ஸ் பார்வர்டிங் (சாளரத்தை எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்புவது) சரியாக அமைந்தால், தொலைக் கணினியின் எஸ்எஸ்ஹெச் சேவையே சாளரம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறிக்கு 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்பது போன்ற மதிப்பை இட்டு, 6010ஆம் போர்ட்டில் வருவதையெல்லாம் மறையாக்கி நமக்கு அனுப்பும். இதை அறியாமல், பழைய குறிப்பு எதையோ பார்த்து மேசைக் கணினியின் ஐபி முகவரியை ஷெல் தொடங்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவைப்பதுதான் இன்றும் என் பொறுமையைச் சோதிக்கிறது. சாளரம் திறந்துவிடுவதால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் அது எஸ்எஸ்ஹெச்சுக்கு வெளியே, 6000ஆம் போர்ட் வழியாக, மறையாக்கமின்றி வருகிறது. அனுமதி மறுக்கப்பட்டால், அனுமதிச் சோதனையையே அணைத்துவிடும் 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' கட்டளையை அடிக்கிறார்கள். அதன் பிறகு நம் திரையை எட்டக்கூடிய எவரும் நாம் தட்டுவதைப் படிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம்.

நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வரில் ஜிஎடிட் என்னும் உரைத்திருத்தியில் ஒரு கோப்பைத் திறந்தேன். என் திரையில் ஒன்றும் வரவில்லை. சற்று நேரத்தில் கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் அழைத்தார்: "சார், உங்க டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஃபைல் என் ஸ்கிரீன்ல திறந்திருக்கு." என் பழைய முகவரி வார இறுதியில் அவருடைய கணினிக்குப் போயிருந்தது, அவரும் அனுமதிச் சோதனையை அணைத்துவைத்திருந்தார். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அந்த வரியை அழித்துவிடுங்கள். மறுபடி நுழைந்து பார்க்கையில் மாறி காலியாக இருந்தால், தொலைக் கணினியில் எக்ஸ்ஆத் (அனுமதிக் குக்கீகளைக் கையாளும் கருவி) நிறுவப்பட்டிருக்கிறதா, எஸ்எஸ்ஹெச்டி (அங்கே ஓடும் எஸ்எஸ்ஹெச் சேவை) அமைவில் எக்ஸ்11 பார்வர்டிங் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ரூட்டாக மாறிய பின் திறப்பது

ரூட் (நிர்வாகப் பயனர்) ஆன பின் சாளரம் திறக்காமல் போகலாம்: நம் திரைக்கு அனுமதி தரும் குக்கீ பழைய பயனரின் எக்ஸ்அதாரிட்டி கோப்பில் தங்கிவிடும். சிக்கல் ரூட்டின் அதிகாரத்தில் அல்ல, அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் பெரிய ஒய் (-Y)

பெரிய எக்ஸில் இயல்பாக 20 நிமிடத்துக்குப் பின் புதிய சாளரம் மறுக்கப்படும் என்பதால் பலர் ஒய்க்குத் தாவுகிறார்கள். ஒய் கொடுத்தால் அந்த சர்வருக்கு நம் திரை முழுவதும் திறந்துவிடும். நாமே நிர்வகிக்கும் கணினிக்கு மட்டும் கொடுக்கலாம்.

வேகம்

வீட்டிலிருந்து அமெரிக்க சர்வரில் பிரவுசரைத் திறக்காதீர்கள்.