வெறுங்காலுக்கு ஒரு மிடி பெடல்

யாழ்ப்பாணத்தில் கோயில் மேடையென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். நான் கிற்றார் வாசித்து, அதையே லூப் ஆக்கி, அதாவது பதிந்த துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்கு மேலே பாடுகிறவன். இரண்டு கையும் கம்பியில் இருக்கும்போது மிச்ச வேலையெல்லாம் வெறுங்காலுக்குத்தான். ஆகவே மிடி பெடல் (காலால் மிதிக்க லப்டொப்புக்கு இலக்கக் கட்டளை அனுப்பும் பட்டன் பலகை) வாங்கினால் உடனே லப்டொப்பில் செருகவேண்டாம். தரையில் வைத்து, வெறுங்காலோடு நின்று அமத்திப் பாருங்கள். ஒரு பட்டனை அமத்தக் கால் பக்கத்துப் பட்டனில் முட்டினால், அந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கக்கூடாது.

எனது பெடலில் பத்துப் பட்டன். லூப்புக்கு நான் தொடுவது கீழ் வரிசையில் 1, 3, 5 மட்டும். 2ஐயும் 4ஐயும் வெறுமனே விட்டிருக்கிறேன். 3இன் தலையில் பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டியிருக்கிறேன். உள்ளங்காலில் ரப்பர் பட்டதும் நடுப் பட்டனில் நிற்கிறேன் என்று விளங்கிவிடும், குனிந்து பார்க்கத் தேவையில்லை.

அடுத்தது, ஒவ்வொரு பட்டனும் லப்டொப்புக்கு அனுப்பும் இலக்கங்கள். மூன்று பட்டனுக்கும் ஒரே சனல், கொன்ட்ரோல் இலக்கம் 102, 103, 104 என்று கொடுங்கள். மிடி விதியில் 102 முதல் 119 வரை ஒதுக்கப்படாதவை, வேறொன்றோடு மோதாது. 7ஐக் கொடுத்தால் அது வொல்யூம், 64 சஸ்ரெயின் (சுரத்தை நீட்டிப் பிடிப்பது), அவற்றைத் தொடவேண்டாம்.

இதிலும் முக்கியமானது பட்டனின் குணம். 'மொமென்ரரி' என்றால் அந்த இலக்கத்தோடு, மிதிக்க 127 என்ற பெறுமதியும் காலை எடுக்க 0உம் போகும். 'ரொகிள்' என்றால் ஒரு மிதிக்கு 127, அடுத்த மிதிக்கு 0. லூப்பருக்கு, அதாவது மென்பொருளில் லூப்பைப் பதிந்து ஓட்டும் பகுதிக்கு, மொமென்ரரிதான் வேண்டும். ஒரு திருவிழா மேடையில் என் 1ஆம் பட்டன் ரொகிளில் கிடந்தது. முதல் மிதியில் பதிவு தொடங்கியது. லூப்பை மூட இரண்டாம் தரம் மிதித்தேன். போனது 0, மென்பொருளுக்கு அது கால் எடுத்த கணக்கு. பதிவு நிற்காமல் ஓடியது, பல்லவி முழுதும் அதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்து மேடை ஏற முன்னர் மூன்று பட்டனையும் மிதித்து, 127உம் 0உம் வருகிறதா என்று திரையில் பார்த்துக்கொள்கிறேன்.

நான் பாவிப்பது ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள். மிடி அமைப்பில் உங்கள் பெடலின் உள்வரவுக்கு 'ரிமோட்' என்பதைப் போடுங்கள். பிறகு விசைப்பலகையில் கொன்ட்ரோல் விசையோடு எம் அமத்தி, லூப்பரின் பெரிய பட்டனைச் சொடுக்கி, 1ஐ மிதியுங்கள். அதேபோல் அன்டூவுக்கு 3, நிறுத்த 5. பெரிய பட்டன் ஒன்றே பதிவு, ஓட்டம், மேற்பதிவு மூன்றையும் பார்த்துக்கொள்ளும். லூப் நின்றிருக்கும்போது அதையே இரண்டு விநாடி அமத்திப் பிடித்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். பிழையாக ஒரு அடுக்கு ஏறினால் 3; கடைசி மேற்பதிவு மட்டும் போகும்.

தாளத்தை மறக்காதீர்கள். ஆதி தாளத்தின் 8 அட்சரம் மேற்கத்திய 4/4 கணக்கில் இரண்டு பார் (ஒரு பாருக்கு நாலு அட்சரம்). லூப்பரில் பதிவு நீளத்தை 2 பார் என்று வைத்தால் தானே மூடிக்கொள்ளும், காலுக்கு ஒரு வேலை குறையும். மிச்ரசாபுவுக்கு 7/8, ஒரு பார். குவாண்டைசேஷன் (மிதித்ததை அடுத்த பார் தொடங்கும்வரை பிடித்துவைக்கும் அமைப்பு) ஒரு பார் என்றால், சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, அரை அட்சரம் முன்னமே மிதியுங்கள், அது காத்திருந்து சமத்தில் எடுக்கும். சமம் கடந்து மிதித்தால் ஒரு பார் முழுக்கக் காத்திருக்கவேண்டி வரும். தவில்காரர் பக்கத்தில் இருந்தால் அது சரியான சங்கடம்.

பெடலும் ஓடியோ இன்ரர்ஃபேஸும் (கிற்றார், மைக் சத்தத்தை லப்டொப்புக்குக் கொண்டுபோகும் பெட்டி) யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் வகையாக இருந்தால் திறம். கரண்ட் போனால் ஸ்பீக்கர்தான் அடங்கும். லப்டொப் பற்றறியில் லூப் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெனரேற்றர் பிடிக்கும்வரை கையில் தாளம் போட்டபடி நின்று, சத்தம் வந்ததும் அதே சமத்தில் சேர்ந்து பாடியிருக்கிறேன்.