பழைய மடிக்கணினித் திரையிலிருந்து ஒரு டிஜிட்டல் போட்டோ பிரேம்

பழுதாகிப் பரணில் கிடக்கும் மடிக்கணினியின் திரையையும் ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்னும் சிறு கணினியையும் இணைத்தால், கடையில் பொதுவாகக் கிடைப்பதைவிடப் பெரிய போட்டோ பிரேம் ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

முதலில் திரையைக் கழற்றி, அதன் பின்புறத் தாளில் அச்சிடப்பட்டுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வரும் படத்தைத் திரைக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் மின்சுற்றுப் பலகைதான் கன்ட்ரோலர் போர்டு. அந்த எண்ணுக்குப் பொருந்தும், எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட போர்டைத்தான் வாங்க வேண்டும். அளவு ஒன்றாக இருப்பதாலேயே ஒரு திரைக்கான போர்டு இன்னொன்றுக்குப் பொருந்திவிடாது. எல்இடி பின்னொளி உள்ள திரையே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அதற்கு முந்தைய, குழல்விளக்குப் பின்னொளி கொண்ட திரைகளில் உயர் மின்னழுத்தம் பாய்வதால் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. திரையின் கேபிளை இழுக்காமல் இணைப்பானைப் பிடித்தே கழற்றுங்கள். நான் அவசரப்பட்டு இழுத்து ஒரு திரையை இழந்திருக்கிறேன்.

ராஸ்பெரி பை கணினியில் இருப்பது மினி எச்டிஎம்ஐ என்பதால் அதற்குரிய கேபிள் தேவை. கணினிக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டரையும், போர்டுக்கு அதில் குறிப்பிட்டுள்ள, பெரும்பாலும் 12 வோல்ட் கொண்ட, அடாப்டரையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால் கணினிக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை என்று பொருள்.

அடுத்து, ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளைக் கொண்டு மைக்ரோ எஸ்டி கார்டில் இயங்குதளத்தைப் பதியுங்கள். பயனர் பெயரையும் வைஃபை கடவுச்சொல்லையும் அப்போதே கொடுத்துவிடலாம். ஆனால் இந்தக் கணினி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டுமே அறியும்.

பலரும் கோட்டைவிடுவது படங்களில்தான். கைப்பேசியில் எடுத்த 1.2 கோடி பிக்சல் படம் கோப்பாகச் சில எம்பிதான் என்றாலும், திரையில் காட்டுவதற்காக விரிக்கப்படும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 48 எம்பி நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கணினியில் இருப்பதோ மொத்தமே 512 எம்பி. உங்கள் திரை 1366க்கு 768 பிக்சல் கொண்டது என்றால், அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டால் அதே படத்துக்கு 4 எம்பியே போதும். ஆகவே, வேறொரு கணினியில் எல்லாப் படங்களையும் சுருக்கிய பிறகே கார்டில் ஏற்றுங்கள். நெடுக்குப் படங்களின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும் என்பதால் நான் அகலவாக்குப் படங்களையே தேர்ந்தெடுக்கிறேன்.

படங்களைக் காட்டுவதற்கு, எஃப், ஈ, எச் (feh) என்னும் மூன்று எழுத்துகளே பெயராக அமைந்த இலவச மென்பொருள் போதும். முழுத்திரை, சுட்டியை மறைத்தல், கலைத்துப் போடுதல், 30 விநாடி இடைவெளி ஆகிய தெரிவுகளுடன், கணினி துவங்கும்போதே அது தானாக இயங்குமாறு அமையுங்கள். அமைப்புகளில் திரை அணைதலை நிறுத்தவும் மறக்க வேண்டாம்.

மின்வெட்டில் கார்டு கெட்டுப்போகாதிருக்க, அனைத்தும் சரியாக இயங்கிய பின்னர் மாற்றங்களைக் கார்டில் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஓவர்லே கோப்பு முறைமையை இயக்கிவிடுங்கள். அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது. புதிய படங்களைச் சேர்க்கும் நாளில் மட்டும் அதை நிறுத்தி, சேர்த்து முடித்ததும் மீண்டும் இயக்க வேண்டும்.