வாசலில் குரல் அறிவிப்பு: பதிவு மாட்யூலை இணைத்துப் பொருத்தும் முறை

நூலகம், கண் மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களின் நுழைவாயிலில் "முன்னே இரண்டு படிகள் உள்ளன, வலப்புறம் கைப்பிடி இருக்கிறது" என்று ஒரு குரல் கேட்டால், பார்வை மங்கியவரும் தடுமாறாமல் உள்ளே வந்துவிடுவார். எழுதி மாட்டிய பலகை அவருக்குப் பயன்படாது. நாள் முழுவதும் ஓர் ஆளை வாசலில் நிறுத்தி வைக்கவும் இயலாது. ஆள் வருவதை உணர்ந்து, முன்பே பதிந்து வைத்த குரலை ஒலிக்கும் கருவியைச் சிறிதளவு சால்டரிங் தெரிந்த எவரும் அமைத்துவிடலாம். கம்பிகளை இணைப்பது இதில் எளிய பகுதி. சொல்லப்படுவது வயதானவர் காதிலும் தெளிவாக விழ வேண்டும் என்பதே கடினமான பகுதி. ஆகவே பெரும் கவனத்தை அதற்கே ஒதுக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்: ஐஎஸ்டி1820 குரல் பதிவு மாட்யூல் (சில்லு, மைக், பொத்தான்கள் கொண்ட சிறு பலகை), எச்.சி-எஸ்ஆர்501 (HC-SR501) என்னும் பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தைக் கொண்டு ஆள் அசைவை உணர்வது), பிஏஎம்8403 ஒலிபெருக்கிப் (ஆம்ப்ளிஃபையர்) பலகை, நான்கு அல்லது எட்டு ஓம் ஸ்பீக்கர், 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, குறைந்தது 1 ஆம்பியர் தரும் 5 வோல்ட் அடாப்டர், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. சிறிய, அமைதியான அறைக்கு மட்டும் என்றால் ஒலிபெருக்கிப் பலகை வேண்டாம். மாட்யூலே அரை வாட் ஸ்பீக்கரை நேரடியாக இயக்கும். தெருவை ஒட்டிய வாசலுக்கு அந்த ஒலி போதாது.

ஐஎஸ்டி1820 சில்லு ஒரே ஓர் அறிவிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாது. ஓர் இலட்சம் முறை வரை மீண்டும் பதியலாம் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாள் கூறுகிறது. பதிவின் நீளத்தை ஒரு மின்தடை தீர்மானிக்கிறது: 80 கிலோ ஓம் இட்டால் 8 நொடி, 100 கிலோ ஓம் இட்டால் 10 நொடி, 200 கிலோ ஓம் இட்டால் 20 நொடி. நேரத்தை நீட்டினால் ஒலியின் தரம் குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 8 நொடி அமைப்பில் நொடிக்கு 8,000 மாதிரிகள் (ஒலியின் கணநேர அளவீடுகள்) எடுக்கப்பட்டு, ஏறக்குறைய 3.4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகிறது. 20 நொடி அமைப்பில் மாதிரிகள் 3,200 ஆகக் குறைந்து, 1.3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அனைத்தும் போய்விடுகிறது. இ, ஈ ஆகிய உயிரொலிகளை உ, ஊ ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அதிர்வுகள் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருப்பதால், 20 நொடிப் பதிவில் சொற்கள் போர்வைக்குள்ளிருந்து பேசியது போல் மங்கிக் கேட்கும். பெரும்பாலான பலகைகளில் 100 கிலோ ஓம் மின்தடையே பொருத்தப்பட்டு வருகிறது. அதை மாற்ற வேண்டாம். வாக்கியம் நீளமாக இருந்தால் வாக்கியத்தைத்தான் சுருக்க வேண்டும். நிதானமாகப் பேசினால் 10 நொடியில் பன்னிரண்டு சொற்கள் வரை அடங்கும், வழி சொல்வதற்கு அதுவே தாராளம்.

எதையும் பெட்டிக்குள் பொருத்துவதற்கு முன்பே பதிவை முடித்துவிடுவது நல்லது. விலை குறைந்த அடாப்டர்களின் இரைச்சல் பதிவிலும் ஏறிவிடும் என்பதால், அந்த நேரத்தில் மட்டும் மூன்று ஏஏ பேட்டரிகளை வரிசையில் இணைத்து 4.5 வோல்ட் கொடுங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, திரைச்சீலையோ மெத்தையோ உள்ள அறையில் அமருங்கள். வெறும் சுவர்கள் உள்ள அறையில் எதிரொலி சேர்ந்துகொள்ளும். பலகையிலுள்ள மைக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் வாயை வைத்து, ரெக் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் சிவப்பு விளக்கு எரியும். பொத்தானின் 'டக்' ஒலி அடங்க அரை நொடி விட்டுப் பேசத் தொடங்கி, கடைசிச் சொல் முடிந்ததும் விரலை எடுத்துவிடுங்கள். மௌனம் நீண்டால், சில்லிலுள்ள தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு சுற்றுப்புற இரைச்சலை உயர்த்திவிடும். குரலை உயர்த்திக் கத்த வேண்டியதில்லை. சொற்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, "இரண்டு", "வலப்புறம்" போன்ற முக்கியச் சொற்களைச் சற்று அழுத்திச் சொன்னாலே போதும்.

பலகையில் இரண்டு ஜம்பர்கள் (இரு முனைகளை இணைக்கும் சிறு செருகிகள்) இருக்கும். ஒன்று அறிவிப்பைத் தொடர்ந்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது, எஃப்டி எனக் குறிக்கப்பட்ட மற்றது மைக்கின் ஒலியை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்புவது. இரண்டையும் கழற்றிவிடுங்கள்; எஃப்டி இணைந்திருந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும்.

இனி இணைப்பு. அடாப்டரின் வெளியீடு 5 வோல்ட்தானா என்பதை மல்டிமீட்டரில் முதலில் அளந்து பாருங்கள். மாட்யூலும் ஒலிபெருக்கியும் 5.5 வோல்ட்டைத் தாண்டினால் தாங்கமாட்டா. கையில் கிடைத்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் சென்சார் மட்டும் பிழைக்கும். அடாப்டரின் நேர், எதிர் முனைகளுக்கு இடையே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அதன் முனைக்குறி பார்த்து இணைத்து, அதே இடத்திலிருந்து மூன்று பலகைகளுக்கும் தனித்தனியே சிவப்பு, கறுப்புக் கம்பிகளைக் கொண்டு செல்லுங்கள். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாக இணைத்தால், ஒலிபெருக்கி மின்சாரத்தை இழுக்கும் கணத்தில் மற்றவற்றின் மின்னழுத்தம் தாழ்ந்து, சென்சார் தானாகவே மீண்டும் தூண்டப்படலாம்.

சென்சாரின் நடு முனை வெளியீடு. ஆள் அசைவை உணரும்போது அதில் 3.3 வோல்ட் வரும். அதை மாட்யூலின் பிளே-ஈ முனையில் இணையுங்கள். அருகிலுள்ள பிளே-எல் முனை, மின்னழுத்தம் இருக்கும் வரை மட்டுமே ஒலிக்கும் இயல்புடையது. சென்சார் அணைந்ததும் அறிவிப்பு பாதி வாக்கியத்தில் அறுந்துபோகும். பிளே-ஈ முனையோ மின்னழுத்தம் ஏறும் அந்தக் கணத்தில் தொடங்கி, இறுதிச் சொல் வரை சொல்லி முடிக்கும். ரெக் முனையில் எந்தக் கம்பியையும் இணைக்க வேண்டாம். பதிவுக்கே முதலுரிமை என்பதால், ஒலித்துக்கொண்டிருக்கும்போது அந்த முனை தூண்டப்பட்டாலும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும். வேலை முடிந்ததும் ரெக் பொத்தானின் மேல் ஒரு துண்டு அட்டையை ஒட்டி மூடிவிடுங்கள்.

ஒலிபெருக்கியுடன் இணைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான மாட்யூல்கள் பழுதாகின்றன. ஐஎஸ்டி1820இன் இரண்டு ஸ்பீக்கர் முனைகளும் எதிரெதிராக இயங்குபவை. அவற்றில் எதுவும் தரை முனை (மின்சுற்றின் பொது எதிர் முனை, GND) அன்று. "கறுப்புக் கம்பி தரை" என்ற பழக்கத்தில் ஸ்பீக்கரின் எதிர் முனையைத் தரையுடன் சேர்த்தால் வெளியீடு குறுக்குச்சுற்றாகும். ஆகவே மாட்யூலின் நேர் ஸ்பீக்கர் முனையை மட்டும் எடுத்து, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் வழியே வால்யூம் கண்ட்ரோலின் ஓர் ஓர முனைக்குக் கொண்டு செல்லுங்கள். மறு ஓர முனையைத் தரையிலும், நடு முனையை ஒலிபெருக்கியின் இடது உள்ளீட்டிலும் இணையுங்கள். மின்தேக்கி எலக்ட்ரோலிடிக் வகையானால் அதன் நேர் முனை மாட்யூலை நோக்கி இருக்க வேண்டும். மாட்யூலின் எதிர் ஸ்பீக்கர் முனை வெறுமனே இருக்கட்டும். பிஏஎம்8403இன் வெளியீட்டிலும் இதே விதி பொருந்தும்: ஸ்பீக்கரின் இரு கம்பிகளும் அந்தப் பலகைக்கே போக வேண்டும், தரையைத் தொடக் கூடாது. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது வால்யூமை முழுவதும் குறைத்து வைத்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

சென்சாரில் திருகி அமைக்கும் இரண்டு குமிழ்கள் உள்ளன: ஒன்று உணரும் தொலைவுக்கு, ஏறத்தாழ 3 முதல் 7 மீட்டர் வரை, மற்றது வெளியீடு நீடிக்கும் நேரத்திற்கு. அதிலுள்ள ஜம்பரை எச் நிலையில் வையுங்கள். அந்நிலையில் ஆட்கள் அசைந்துகொண்டிருக்கும் வரை வெளியீடு ஏறியபடியே இருப்பதால், வாசலில் வரிசையாக நிற்பவர்களுக்கு அறிவிப்பு ஒரு முறை மட்டும் கேட்கும். எல் நிலையில் வெளியீடு விட்டு விட்டு ஏறுவதால், நிற்பவர்கள் அதையே மீண்டும் மீண்டும் கேட்டுச் சலித்து, ஒரு நாள் யாரோ இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். நேரக் குமிழை அறிவிப்பின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அமையுங்கள்.

இவ்வகைச் சென்சார் தன்னை நோக்கி நேரே வருபவரைவிட, குறுக்கே கடப்பவரை எளிதில் உணரும். எனவே கதவின் பக்கவாட்டில், நடைபாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி பொருத்துவது சிறந்தது. படிக்கட்டுக்குக் குறைந்தது மூன்று, நான்கு அடி எடுத்துவைக்கும் தொலைவுக்கு முன்பே உணர வேண்டும். படியில் கால் வைத்த பின்பு "முன்னே படிகள்" என்று சொல்வதால் பயனில்லை. நேரடி வெயில், ஏசியின் காற்று, தெருவில் போகும் வண்டிகள், வைஃபை ரவுட்டர் ஆகியவை அதன் பார்வைக்கும் அருகாமைக்கும் வெளியே இருக்கட்டும்.

ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டால் கூம்பின் முன்னும் பின்னும் எழும் ஒலி ஒன்றையொன்று தேய்த்து, குரல் மெலிந்து கேட்கும். பெட்டியின் முகப்பில் துளைகளிட்டு, ஸ்பீக்கரை உட்புறம் இடைவெளியின்றிப் பதித்து, பின்புறத்தை மூடினால் அதே வால்யூமில் குரல் நிறைந்து வரும். பெட்டியைக் காதின் உயரத்தில் மாட்டுங்கள். சக்கர நாற்காலியில் வருவோர் மிகுதி என்றால் சற்றுத் தாழ்வாக மாட்டலாம்.

மின்சாரம் நின்று வரும்போது சென்சார் நிலைகொள்ள ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் ஆள் இல்லாமலே ஓரிரு முறை அறிவிப்பு ஒலித்தால் அதைப் பழுது என எண்ண வேண்டாம். ஒரு நிமிடத்திற்குப் பிறகும் தொடர்ந்தால், முதலில் தொலைவுக் குமிழைக் குறைத்துப் பாருங்கள். பிறகு கம்பியின் போக்கைப் பாருங்கள், குழல்விளக்கின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். அறிவிப்பே வராவிட்டால் பலகையிலுள்ள பிளே-ஈ பொத்தானை அழுத்துங்கள்: அப்போது ஒலித்தால் குறை சென்சார் பக்கம், ஒலிக்காவிட்டால் ஒலிபெருக்கிப் பக்கம் அல்லது பதிவில்.

இறுதிச் சோதனையை, அறிவிப்பில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியாத முதியவர் ஒருவரைக் கொண்டு, சந்தடி மிகுந்த காலை வேளையில் செய்யுங்கள். அவரை வாசல் வழியே நடந்து வரச் சொல்லி, எத்தனை படிகள், கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஒன்றைத் தவறாகச் சொன்னால் உடனே வால்யூமை ஏற்றாதீர்கள். அந்தச் சொல்லை மாற்றி மறுபடி பதிந்து, வேறொருவரை அழைத்துக் கேட்டுப் பாருங்கள்.