நாலுக்குப் பதில் ரெண்டு

பள்ளிகொண்டா அருகே, காரில் ஐந்தாவது கியரில் நூறு கிலோமீட்டர் வேகம். லாரியை முந்த நான்காவதுக்கு இழுத்தேன், விழுந்தது இரண்டாவது. கிளட்சை விட்டதும் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 8,000-ஐத் தாண்டியது.

இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் லிமிட்டர் இருக்கிறதே என்றுதான் நம்பியிருந்தேன். அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுற்றியது சக்கரம். அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கால் நேரத்துக்கு மூட முடியாது, பிஸ்டன் வந்து வால்வை இடிக்கும்.

உடனே கிளட்ச் மிதித்தும் பயனில்லை. வண்டி நான்கில் மூன்று சிலிண்டரில் மட்டும் ஓடி, உதறிக்கொண்டே வேலூர் வந்தது. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே சேரும் அழுத்தம்) பார்த்தார்கள், ஒன்றில் சுத்தமாக இல்லை. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, வளைந்த இரண்டு வால்வுகளை மாற்றினோம். செலவைக் கேட்காதீர்கள்.

அப்புறம் பார்த்தால் கியர் லீவரைத் தாங்கும் புஷ் தேய்ந்து, லீவர் ஆடியது. அதையும் மாற்றியாச்சு. இப்போது லீவரை இறுக்கிப் பிடித்து இடப்பக்கம் இழுப்பதில்லை, உள்ளங்கையால் மெதுவாகத்தான்.