குதிப்பது போல் கனவு வந்ததா? பலன் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடியிலிருந்து குதித்தேன், பள்ளத்தைத் தாண்டினேன், ஆழமான தண்ணீரில் பாய்ந்தேன் என்று கனவு கண்டு எழுந்தவர், முகம் கழுவுவதற்கு முன்பே கைபேசியில் பலன் தேடுகிறார். ஓரிடத்தில் பதவி உயர்வு என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் பண நஷ்டம். இரண்டு இடத்திலும் 'நீங்கள் யார், என்ன வேலை, இப்போது எதை நினைத்து மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள்' என்று யாரும் கேட்கவில்லை. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவுகளுக்குப் பலன் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ்கூட, கனவு கண்டவரின் தொழில், வயது, உடல்நிலை தெரியாமல் பலன் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னார். அவருடைய பலன்களை நான் நம்பவில்லை. அந்த நிபந்தனை மட்டும் இன்றும் சரி.

இன்னொரு தவறு, கனவே அல்லாததற்குப் பலன் பார்ப்பது. கண் அசந்த சற்று நேரத்தில் படியில் கால் தவறியது போல உடம்பு தூக்கிவாரிப் போட்டு விழிப்பு வந்தால், அது தூக்கத்துக்குள் நுழையும்போது தசைகள் திடீரென்று வெட்டி இழுப்பது. பெரும்பாலானோருக்கு எப்போதாவது வருவதுதான். தூக்கக் குறைவு, மன அழுத்தம், இரவில் குடிக்கும் காபி ஆகியவை அதை அதிகமாக்கும். கதைபோல நீளும் கனவுகள் பெரும்பாலும் கண்விழிகள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில் வருகின்றன. 1953-ல் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்த அந்தக் கட்டம் முதல்முறை வருவதற்கே பொதுவாக ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பத்து மணிக்குப் படுத்துப் பத்தேகாலுக்குப் பதறி எழுந்தவர், பலன் பார்ப்பதை விட்டுக் காபியைக் குறைத்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, குதிப்பதையும் விழுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. விழுவது நமக்கு நேர்வது. குதிப்பது நாம் செய்வது. யாரோ துரத்தியதால் குதித்தீர்களா, பின்னாலிருந்து தள்ளிவிட்டார்களா, நீங்களாகவே ஓடி வந்து தாவினீர்களா? காற்றில் இருந்தபோது பயமா, விடுதலையா, வெறும் வேடிக்கையா? தரை வந்ததா, வரவே இல்லையா? வேலையை விடலாமா என்று யோசிக்கும் இருவருக்கு ஒரே பள்ளம் கனவில் வரலாம். ஒருவர் தாண்டும்போது உடம்பு லேசானதாக உணர்கிறார். மற்றவர் விளிம்பில் நின்று, கால் எழாமல் தவிக்கிறார். இருவருக்கும் 'தாண்டுதல் என்றால் வெற்றி' என்று எழுதிக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. முதலாமவர் மனத்துக்குள் ஏற்கெனவே முடிவெடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்பதற்கு மேல் அதைக் கொண்டுபோகவும் கூடாது.

பகலில் பார்த்ததை மறந்துவிடுவதும் வழக்கமாக நடப்பது. நீச்சல் போட்டியை இரவு பதினொரு மணி வரை பார்த்தவர் கனவில் உயரப் பலகையிலிருந்து பாய்ந்தால், அதற்குள் ஆழ்ந்த ரகசியம் எதையும் தோண்ட வேண்டியதில்லை. முந்தைய நாளின் மிச்சம் கனவில் தலைகாட்டும் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு எழுதியதை, அவருடைய மற்ற முடிவுகளோடு ஒத்துப்போகாத பலரும் ஏற்கிறார்கள்.

அடுத்தது, நான்கு பேரிடம் சொல்லிவிட்டுப் பிறகு எழுதி வைப்பது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மாடி ஒரு தளம் உயரும். எழுந்தவுடன் முதலில் உணர்ச்சியை எழுதுங்கள், பிறகு காட்சியை.

உயரத்திலிருந்து குதிக்கும் கனவு வந்தாலே தனக்குச் சாகும் எண்ணம் இருக்கிறது என்று சிலர் நடுங்கிப் போகிறார்கள். கனவை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. விழித்திருக்கும்போதும் அந்த எண்ணம் வருகிறது என்றால் அது வேறு விஷயம். கனவுப் பலனைத் தள்ளி வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமும் மனநல மருத்துவரிடமும் உடனே பேச வேண்டும்.

கனவில் குதித்தவர் நிஜமாகவே கட்டிலிலிருந்து குதிப்பது, கையைக் காலை வீசுவது, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவது என்று நடந்தால் அதற்கும் பலன் தேடக் கூடாது. கண்விழிகள் வேகமாக அசையும் அந்தக் கனவுக் கட்டத்தில் தசைகள் செயலற்றுக் கிடப்பதுதான் இயல்பு. அந்தத் தடை தளர்ந்துபோகும் ஒரு தூக்கக் கோளாறு உண்டு. நடுவயதைத் தாண்டியவர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், அதிகம் காணப்படுகிறது. பின்னாளில் வரக்கூடிய பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்க்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை கட்டிலைச் சுற்றிக் கண்ணாடிச் சாமான்களையும் கூர்மையான மேசை முனைகளையும் அப்புறப்படுத்துங்கள், முடிந்தால் மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.