ஒரு கோடை, ஒரு மலை: ஏற்காட்டு மண்பாதைகளைச் சைக்கிளில் பழகுவது எப்படி

மலை சைக்கிள் வாங்கிவிட்டீர்கள், சேலத்தில் இருக்கிறீர்கள், ஏப்ரல் மே இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை காலை கையில் இருக்கிறது. அப்படியென்றால் ஊர் ஊராக அலையாதீர்கள், இந்தக் கோடைக்கு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஒன்றே போதும். நான் முதல் வருடம் கொல்லிமலை, ஏலகிரி, ஏற்காடு என்று வாரத்துக்கு ஒன்றாகப் போனேன். எந்தப் பாதையும் மனதில் தங்கவில்லை. அடுத்த கோடையில் ஏற்காட்டில் மட்டும் எட்டு ஞாயிறு ஓட்டினேன், இறக்கத்தில் பயமில்லாமல் ஓட்டவே அப்போதுதான் வந்தது.

முதலில் சைக்கிள். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், கொஞ்சம் அகலமான டயர், ஆரம்பத்துக்கு இவ்வளவுதான் வேண்டும். பலரும் கோட்டைவிடுவது காற்றில். கடையில் கல் மாதிரி காற்றடித்துக் கொடுத்துவிடுவார்கள், அது தார் ரோட்டுக்குச் சரி, சரளைக்கல்லில் சைக்கிள் துள்ளும், டயர் மண்ணைப் பிடிக்காது. 70 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்ட டயரில் பின்பக்கம் 30 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு), முன்பக்கம் அதைவிட இரண்டு மூன்று குறைவு என்று ஆரம்பிக்கலாம். ரொம்பவும் இறக்கிவிட்டால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். ஒரு டியூப், கைப்பம்பு, டயர் கழற்றும் லீவர், இந்த மூன்றும் இல்லாமல் மேலே போகாதீர்கள். வீட்டு வாசலில் ஒருமுறை டியூப் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்தது வழி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரத்தில் ஏறக்குறைய 1,200 மீட்டர் வித்தியாசம், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாளே அதை மிதித்து ஏற வேண்டாம், சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விடுங்கள். தெம்பு வந்தபிறகு மிதித்து ஏற ஆசைப்பட்டால் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு சாலை போகிறது, அதையும் பாருங்கள். மேலே காபித் தோட்டங்களைச் சுற்றி வரும் சாலை 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். முதல் ஞாயிறு அதில் ஒரு சுற்று, வேகம் இல்லாமல். எங்கெல்லாம் மண்ரோடு பிரிகிறது, எங்கே கேட் இருக்கிறது, எங்கே டீக்கடை, எங்கே தண்ணீர் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், அனுமதி. மலையில் பிரியும் வழிகள் மூன்று வகை. கிராமத்துக்குப் போகும் பொதுவழி, எஸ்டேட்டுக்குச் சொந்தமான தனிவழி, வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கும் காப்புக்காடு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது, அதுவும் கோடையில். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பிப்ரவரியிலிருந்து காட்டுத்தீக் காலம், அந்தச் சமயத்தில் மலையேற்றப் பாதைகளையே மூடிவைப்பார்கள். ஆகவே வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

எஸ்டேட் கேட் என்றால் இறங்கி நின்று கேளுங்கள். நான் முதலில் கேட்ட இடத்தில் வாட்ச்மேன் என்னைவிட சைக்கிளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். “அண்ணே, இந்த வழியா ஊருக்குள்ள போகலாமா?” என்றேன். “மிளகு பறிக்கிறாங்க தம்பி, வழியெல்லாம் ஏணி நிக்குது. அடுத்த வாரம் வா, முதலாளிகிட்ட கேட்டு வைக்கிறேன்” என்றார். அடுத்த வாரம் போனபோது கேட் திறந்திருந்தது. கேட்காமல் உள்ளே பாய்ந்திருந்தால், எனக்குப் பின்னால் வருபவர்களுக்கும் அந்த வழி மூடிப்போயிருக்கும்.

பாதை கிடைத்ததும் மூன்று முறை. முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். அரை கிலோமீட்டர் போதும். சில்வர் ஓக் மரத்தடியில் கோடையில் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும், பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். காலால் ஒதுக்கிப் பாருங்கள், அடியில் முழங்கை கனத்தில் ஒரு வேர் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஓடும். சாய்ந்து கிடக்கும் வேரில் முன்சக்கரம் ஏறினால் அது ஓடும் பக்கமாகவே வழுக்கிவிடும். அதை நேர்குத்தாகக் கடக்க எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று நடக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது முறை கீழிருந்து ஏறுங்கள், ஏற்றத்தில் வேகம் இருக்காது, அதனால் ஒவ்வொரு கல்லும் தெரியும். மூன்றாவதுதான் இறக்கம்.

இறக்கத்துக்கு முன் சீட்டை நாலு விரல்கடை தாழ்த்துங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், இடுப்பு சீட்டை விட்டு எழும்பிக் கொஞ்சம் பின்னால், முழங்கை மடங்கியபடி. பிரேக்கில் ஒரே ஒரு விரல். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லில் இருக்கக் கூடாது, அடுத்த வளைவில் இருக்க வேண்டும். எதைப் பார்க்கிறோமோ அதில்தான் சைக்கிள் போய் மோதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை காய்ந்த சரளையில், வளைவின் நடுவில், பயத்தில் முன் பிரேக்கை இறுக்கினேன். முன்சக்கரம் போய்விட்டது. முழங்கைத் தோல் ஆற மூன்று வாரம் ஆனது. ஹெல்மெட்டில் அன்று விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக: மேலே காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர், கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சைச் சாறாக. பத்து மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை பிடிக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் காபிப் பாதைகளுக்குப் போகாதீர்கள். அந்தச் செம்மண் டயரில் அப்பி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடுக்கில் அடைத்து, சக்கரமே சுற்றாது. அதைவிட, ஈரத்தில் நீங்கள் போட்ட சக்கரத்தடம் வாய்க்காலாகி அடுத்த மழைக்குப் பாதையையே அரித்துவிடும். ஒரு நாள் காயவிடுங்கள். மழைக்குச் சில நாள் கழித்துக் காபி பூத்திருந்தால் அந்த வாசத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம்.

காட்டெருமை நின்றால் திரும்பிவிடுங்கள், மணி அடிக்கவோ போட்டோவுக்கு நெருங்கவோ வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் தலையில் விறகோடு யாராவது வந்தால் நீங்கள்தான் இறங்கி ஒதுங்க வேண்டும். அந்தப் பாதைகள் பல தலைமுறையாக இந்த மலையின் ‘மலையாளி’ என்ற பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்ல) நடந்து நடந்து உண்டானவை.

கடைசியாக ஒன்று. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் வார இறுதிகளில் மலைச்சாலை முழுக்க வண்டியாக இருக்கும், அன்று கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் வேண்டாம். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதம்தான். மற்ற நாளில் கோயில் இருக்கும் அந்த உச்சி மேடு காலையில் வெறிச்சென்று காற்றோடு கிடக்கும். திருவிழா அன்று சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.