கார்ச் சாயத்தில் கல் பட்டுப் பெயர்வது ஏன், காப்பது எப்படி

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆகிறது. அப்படி ஒரு பயணம் முடிந்த மறுநாள் காலையில் காரைத் துடைக்கும்போது, பொனட்டின் முன்விளிம்பில் கடுகளவுப் புள்ளிகள் இரண்டு மூன்று விரலில் தட்டுப்படும். வாங்கி ஓராண்டுகூட ஆகாத வண்டியில் இப்படியா என்று வயிறு எரியும். அப்பா ஓட்டிய பழைய காரில் இவ்வளவு இல்லையே என்ற நினைப்பும் கூடவே வரும்.

அந்த நினைப்பை, பட்டர்வொர்த்துக்கு அருகிலுள்ள பிறை நகரில் எனக்குப் பழக்கமான ஒரு சாயப் பட்டறைக்காரரிடம் சொன்னபோது, அவர் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சாயத் தடிப்பை அளக்கும் ஓர் அளவுமானியை எடுத்து என் பொனட்டின் மேல் வைத்தார். 112 மைக்ரான் காட்டியது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிறகு மேசையிலிருந்த ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, "அண்ணே, இதோட தடிப்புதான் உங்க சாயம் மொத்தமும்" என்றார்.

அந்தத் தடிப்புக்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன. காரின் உடலைத் தொட்டியில் முக்கி, மின்னோட்டத்தின் மூலம் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு சுமார் 20 மைக்ரான்; அதன்மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு 30 முதல் 40; நிறம் தரும் சாயம் 15 அளவில்; எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் 40 அல்லது 50. இவற்றில் கல்லடியைத் தாங்கிக்கொள்ளும் மெத்தை போன்றது பிரைமர்தான். செலவையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துவதற்காகப் பல தொழிற்சாலைகள் இன்று பிரைமரைத் தனியாகச் சூளையில் சுடுவதில்லை. ஈரம் காயும் முன்பே அடுத்த பூச்சை அடித்துவிடுகின்றன, அல்லது பிரைமரின் வேலையை நிறச் சாயத்தின் முதல் பூச்சிடமே ஒப்படைத்துவிடுகின்றன. கரைப்பான் ஆவியைக் குறைக்கவேண்டிய கட்டாயத்தால் நிறச் சாயம் நீர் கலந்த சாயமாக மாறியது. ஈயம் கலந்த நிறமிகளும் போய்விட்டன. எல்லாப் பழியையும் நீர்ச் சாயத்தின் தலையில் போடுவோர் உண்டு, ஆனால் என் பார்வையில் மெலிவும் கடினமும் சேர்ந்ததுதான் முதன்மைக் காரணம். கீறல் விழாதபடி கடினமாக ஆக்கப்பட்ட கிளியர், கல் பட்டால் நெகிழ்ந்து கொடுக்காமல் சில்லாகத் தெறிக்கிறது.

மறுபாதிக் காரணம் வேகம். கல்லின் தாக்கம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் வாங்கும் அடியைவிட 110இல் வாங்கும் அடி ஏறத்தாழ இருமடங்கு வலுவானது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிம்பாங் பூலாய், ஈப்போ வட்டாரத்தைக் கடக்கும்போது சுண்ணாம்புக்கல் குவாரி லோரிகள் கூட வரும். அவற்றின் பின்சக்கர இடுக்கில் சிக்கிய கல்லும், தார்ப்பாய் சரியாக மூடாத மேற்பாரமும் நம் பொனட்டை நோக்கித்தான் வரும். 110இல் இரண்டு நொடி இடைவெளி என்றால் 61 மீட்டர். லோரிக்குப் பின்னால் அதைவிடக் கூடுதலாக விட்டுப் போவதும், வாய்ப்புக் கிடைத்ததும் தடம் மாறி முந்திவிடுவதும் காசில்லாத பாதுகாப்பு.

இனி காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பு. செராமிக் பூச்சு போட்டால் கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு கடையில் என்னிடம் அடித்துச் சொன்னார்கள்; நானும் நம்பிப் போட்டேன்; அடுத்த மாதமே பொனட்டில் புதிய புள்ளி. அந்தப் பூச்சின் பருமனே ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், பறவை எச்சத்தைக் கழுவிவிடச் சற்று அவகாசம் கிடைக்கும். கல்லை அது தடுக்காது. கல்லைத் தடுப்பது பருமன் ஒன்றுதான். அதைத் தருவது பாலியூரித்தேனால் ஆன ஒளிபுகும் பாதுகாப்புப் படலம். 150 முதல் 200 மைக்ரான் வரை, அதாவது காரின் சாயம் முழுவதையும்விடத் தடிப்பாக வருகிறது. முழு வண்டிக்கும் ஒட்ட ஆயிரக்கணக்கில் ரிங்கிட் ஆகும் என்பதால், முன் பம்பர், பொனட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகளின் உறை, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள விளிம்பு ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டச் சொல்வது போதுமானது. மலிவான பிவிசி படலம் நம் வெயிலில் சீக்கிரம் மஞ்சளித்துவிடும். ஆகவே என்ன பொருள் என்று கேட்டு, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுசாயம் அடித்த பகுதியாக இருந்தால் சில வாரங்கள் ஆறவிட்ட பிறகே ஒட்ட வேண்டும், இல்லையேல் படலத்தை உரிக்கும் நாளில் சாயமும் சேர்ந்து வரும்.

பலரும் மறந்துவிடுவது சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கும் சேற்றுத் தடுப்பை. கதவின் அடிப்பகுதியில் விழும் அடிகளில் பெரும்பாலானவை நம் சொந்தச் சக்கரம் வாரி எறிந்தவை. அழகுக்காக அகலமான டயர் போட்டு அது வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சேதம் இன்னும் கூடும்.

ஏற்கெனவே விழுந்த புள்ளியை முதலில் உற்றுப் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் துரு பிடிக்காது, அவசரமில்லை. சாம்பலோ கறுப்போ தெரிந்தால் பெரும்பாலும் அடிப்பூச்சு மிஞ்சியிருக்கிறது. உலோகம் பளிச்சென்று தெரிந்தால் அந்த வாரமே கவனிக்க வேண்டும், ஏனெனில் நம் ஊர் ஈரக்காற்றுக்கும் பினாங்குக் கடலோர உப்புக்கும் துரு காத்திருக்காது. அதுவரை உயரழுத்த நீர்க்குழாயை அந்த இடத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். உடைந்த விளிம்பை அது மேலும் கிளப்பிவிடும்.

சாயத்தின் குறியீடு கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும் வில்லையில் இருக்கும். அதைக் காட்டி, புள்ளிகளை மறைக்க உதவும் தொடுப்புச் சாயக் (டச்-அப்) குப்பியை வாங்குங்கள். மழை வராத ஒரு காலைப் பொழுதில், நிழலில், தகடு சூடேறும் முன் வேலையைத் தொடங்க வேண்டும். பென்சில் நுனியில் ஒட்டிய மெல்லிய உப்புத்தாளால் துருவையும் தளர்ந்த விளிம்பையும் மட்டும் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உலோகம் தெரிந்த இடத்தில் முதலில் ஒரு துளி பிரைமர். பிறகு குப்பியை நன்றாகக் குலுக்கி, குப்பியோடு வரும் தூரிகையை ஒதுக்கிவிட்டுப் பல்குத்தும் குச்சியின் முனையில் சாயத்தைத் தொட்டுப் பள்ளத்தின் நடுவில் வையுங்கள்; அது தானே ஓரத்துக்குப் பரவும். அரை மணி இடைவெளியில் மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள், கடைசியாகச் சுற்றுமட்டத்தைவிட மயிரிழை உயரமாகக் கிளியர். ஒரு வாரம் கழித்து 2000, பிறகு 3000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மேட்டை மட்டும் தேய்த்துப் பாலிஷ் போட்டால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. புள்ளியைச் சுற்றிச் சாயம் கொப்புளமாக எழும்பியிருந்தால் மட்டும் குச்சியைக் கீழே வைத்துவிடுங்கள். துரு அடியில் ஓடிவிட்டது, அது பட்டறை வேலை.